ஜூம்ல கூட்டம் நடத்தினவங்க வாங்க, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க

வைகைக்கரை

எங்க வாசகர் வட்டம் 2020 ஊரடங்குல ஜூமுக்கு மாறுச்சு. ஊரடங்கு போயிருச்சு, ஜூம் போகல. பாதிப் பேர் இப்ப வெளியூர்ல, சில பேர் வெளிநாட்டுல. இத்தனை நாள் நடத்திட்டு இருந்த அண்ணன் பொறுப்பை என்கிட்ட ஒப்படைச்சுட்டார். எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியும். வந்த ஆளைக் கடைசி வரைக்கும் எப்படி உக்கார வைக்கிறதுன்னுதான் தெரியல. 'பத்து டிப்ஸ்' வேணாம், அது எல்லா எடத்துலயும் கெடைக்குது. உங்க கூட்டத்துல நெசமா நடந்ததைச் சொல்லுங்க.

கொங்கு வாசகன்

வணக்கம் தோழர். எங்க குழு மாசம் ஒரு புத்தகம் பேசும். நான் சேர்ந்த புதுசுல, மேடைக் கூட்டத்தை அப்படியே தூக்கித் திரையில வச்சிருந்தாங்க. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ரெண்டு வாழ்த்துரை, அப்புறம்தான் சிறப்புரை. மண்டபத்துல இது ஓடும். சலிச்சவங்க வெளிய போய் டீ குடிச்சுட்டு சிறப்புரைக்குச் சரியா உள்ள வந்துருவாங்க. ஜூம்ல வெளிய போனவர் போனவர்தான். வாழ்த்துரை நீள நீள திரையில ஆள் எண்ணிக்கை இறங்குறது பேசுறவர் கண்ணுக்கே தெரியும், ஆனாலும் நிறுத்தமாட்டார். எழுத்தாளர் வாயைத் திறக்கும்போது மிச்சம் இருந்தது பெரும்பாலும் நிர்வாகிங்கதான்.

இப்ப வாழ்த்துரையே கிடையாது. அதை எடுத்ததுக்கு ஒரு பெரியவர் கோவிச்சுக்கிட்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே போயிட்டார், அது தனிக் கதை. பேச்சாளரைப் பத்தின அறிமுகம் முந்தின நாளே குழுவுக்கு வந்துரும். ஏழரைன்னா ஏழு முப்பத்தஞ்சுக்குப் பேச்சு ஆரம்பிச்சிருக்கும். லேட்டா வர்றவங்களுக்காக மறுபடி முதல்ல இருந்து சொல்றதில்ல. பேச்சு அரை மணி நேரத்துக்குள்ள, மிச்சம் முழுக்க கலந்துரையாடல்.

அடுத்து வர்ற கண்டம், "யாராவது கேள்வி இருந்தா கேக்கலாம்". சொன்ன உடனே ஒரு மௌனம் விழும் பாருங்க. நேர்ல அந்த மௌனம் ஒண்ணும் செய்யாது. இங்க நெட்டு போயிருச்சோன்னு எல்லாரும் மொபைலைத் தட்டிப் பாப்பாங்க. அதனால ரெண்டு பேருக்கு முன்னாடியே போன் போட்டு, "முதல்ல நீங்க பேசணும்"னு சொல்லி வச்சிருவேன். என்ன கேக்கணும்னு சொல்றதில்ல, அது அவங்க பாடு. அவங்க பேசிட்டா மத்தவங்க தானா வருவாங்க.

இன்னொண்ணு, சாட் பெட்டியில எழுதி வர்றதை வாசிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் வேணும். எங்க கூட்டத்துக்கு ஒரு அக்கா வருவாங்க. கேமரா கிடையாது, மைக் கிடையாது. அடுப்படியில வேலை பாத்துக்கிட்டே கேப்பாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு நாவல் பத்தி ஆம்பளைங்க நாங்க அமைப்பு, உத்தின்னு மாத்தி மாத்திப் பேசிட்டு இருந்தோம். சாட்ல அவங்க ஒரே வரி போட்டாங்க: "இந்தக் கதைல அம்மா எல்லாருக்கும் பரிமாறுறாங்க, ஒரு எடத்துலகூட சாப்பிடலையே, ஏன்?" வாசிக்க ஆள் இருந்ததால அது எழுத்தாளர் காதுக்குப் போச்சு. மீதி நேரம் முழுக்க அதைப் பத்தித்தான் பேச்சு. மேடைக் கூட்டமா இருந்தா அந்த அக்கா வந்தே இருக்கமாட்டாங்க.

சுருதிப்பெட்டி

நான் பாட்டு டீச்சர். நம்ம சங்கீதத்துக்கு ஜூம் ஒத்துவராதுன்னு முதல்லயே சொல்லிடறேன். தம்புராவைப் போட்டா, விடாம ஒரே மாதிரி வர்ற சத்தம்னு அதை ஃபேன் இரைச்சலோட சேர்த்து அமுக்கிடும். பாடற குழந்தைக்கு சுருதி கேக்கும், கேக்கறவாளுக்குக் கேக்காது. அப்புறம் "குழந்தை சுருதி சேரலையே"ன்னு மாமிகள் விமர்சனம். செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட்'னு ஒண்ணு இருக்கு, பாடறவா அதை ஆன் பண்ணணும். ஹெட்போன் கட்டாயம்.

தியாகராஜ ஆராதனைக்கு பஞ்சரத்னத்தை எல்லாரும் கோஷ்டியாப் பாடியே ஆகணும்னு பெற்றோர் பிடிவாதம். ஒரு வீட்டுக் குரல் இன்னொரு வீட்டுக்குப் போய்ச்சேர, செகண்டை பத்தாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு ஆகலாம், சமயத்துல கூடவும் ஆகும். சேர்ந்து தாளம் போடறதுக்கு அதுல பாதித் தாமதம்கூடத் தாங்காது. எல்லாரும் மைக்கை ஆன் பண்ணினா என்ன ஆகும்னு ஒத்திகையிலயே காட்டிட்டேன். அரை நிமிஷத்துல பிடிவாதம் போயிடுத்து. ஒருத்தர் மட்டும் பாடறது, மத்தவா மைக்கை அணைச்சுட்டு அவாவா ஆத்துல கூடப் பாடறதுன்னு முடிவாச்சு. திரையில பார்க்க ஊமைப்படம் மாதிரிதான் இருந்தது. ஆனா ஒவ்வொருத்தரும் வாய்விட்டுப் பாடினா. அதுவரைக்கும் சும்மா உக்காந்து கேட்டுண்டிருந்த தாத்தாக்கள் உட்பட.

ஸ்கார்பரோ வாசி

நேரத்தைப் பற்றி இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்கள் கனடாவில இருந்து மாதாந்தக் கலந்துரையாடல் செய்யிறனாங்கள். யாழ்ப்பாணம், சென்னை, லண்டன், சிட்னி எண்டு எல்லா இடத்திலயும் சனம். எங்களுக்குக் கோடையில காலமை பத்து எண்டால் இலங்கை, இந்தியாவில இரவு ஏழரை, லண்டனில பின்னேரம் மூண்டு, சிங்கப்பூரில இரவு பத்து, சிட்னியில நடுச்சாமம்.

சிக்கல் வாறது மார்ச்சில. நாங்கள் ரெண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை மாத்துவம், லண்டன்காரர் கடைசி ஞாயிறுதான் மாத்துவினம். இலங்கை இந்தியாவில மாத்திறதே இல்லை. அந்த இடைவெளிக்குள்ள ஒரு கூட்டம் வந்துது. லண்டனில இருந்து கதைக்க வேண்டியவர் வழமைபோல மூண்டு மணிக்கு வந்தார். எங்களுக்கு அப்ப பதினொண்டு, சனம் எழும்பிப் போகத் தொடங்கியிட்டுது. இப்ப ஒவ்வொரு ஊர் நேரத்தையும் அந்தத் திகதிக்கே பாத்து நோட்டீசில போடுறம்.

சிட்னியில ஒரு ஐயா முழிச்சிருந்து வருவார். அவரைக் கடைசி மட்டும் காக்க வைக்கிறது அநியாயம். கேள்வி நேரம் தொடங்கினா முதல் ஆளா அவரைத்தான் கூப்பிடுவம்.

கதைசொல்லி அத்தை

காசு கட்டாத ஜூம் 40 நிமிஷத்துல அறுந்துடும்னு எல்லாரும் திட்டுவாங்க. குழந்தைகளுக்குக் கதை சொல்ற எனக்கு அது வரம்! 35 நிமிஷத்துல கதை முடியும், மிச்சத்துல ஆளுக்கொரு 'டாட்டா'. "இன்னும் ஒண்ணு ஆன்ட்டி"ன்னு கேக்க ஆரம்பிக்கும்போது தானா அறுந்துடும். அடுத்த வாரம் அத்தனை பேரும் வந்து நிப்பாங்க. யாராவது எனக்குக் கட்டணத் திட்டம் வாங்கிக் குடுத்தாலும் வேண்டாம்.

மேட்டுத்தெரு

2020 ஏப்ரல்ல ஒரு கவியரங்கத்துக்கு லிங்க்கை ஃபேஸ்புக்ல அப்படியே போட்டிருந்தாங்க. கவிஞர் வாசிச்சுட்டு இருக்கும்போது யாரோ நாலஞ்சு பேர் புகுந்து கெட்ட வார்த்தையும் படமுமா அட்டகாசம். அப்ப உலகம் பூரா இதே கூத்துதான். அந்த மாசமே ஜூம் பாஸ்கோடையும் வெயிட்டிங் ரூமையும் தானா ஆன்ல இருக்குற மாதிரி மாத்திருச்சு.

வெயிட்டிங் ரூம் இருந்தா வாசல்ல ஒரு ஆள் வேணும். உள்ள விடணும், குக்கர் விசில் கேக்குற மைக்கை மூடணும். நடத்துறவரே அதையும் பாத்தா பேச்சாளர் என்ன சொன்னார்னே அவருக்குத் தெரியாது. அந்த வாசல் ஆளை கோ-ஹோஸ்ட், அதாவது கூட்டத்தை நடத்துற இன்னொரு ஆள், ஆக்கி வைங்க. அவர் வேற வீட்டுல, மொபைல் டேட்டாவுல இருக்கட்டும். எங்க ஏரியாவுல கரண்ட் போய் நான் காணாமப் போனப்ப, கூட்டம் பாட்டுக்கு ஓடிச்சு. நான் திரும்பி வந்தது யாருக்கும் தெரியல.

கொங்கு வாசகன்

சுருதிப்பெட்டி அம்மா, தாத்தாக்கள் பாடுனதுதான் இங்க டாப்பு.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் மட்டும் கேக்குறேன். கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தலாமா? ரெக்கார்டு பண்ணலாமா?

திண்ணைப் பேச்சு

கேமரா: பேசுறவங்க போடட்டும், கேக்குறவங்களை விட்டுருங்க. ஜூம் களைப்பு ஏன் வருதுன்னு ஸ்டான்ஃபோர்டுல ஜெரமி பெய்லன்சன் 2021ல எழுதின கட்டுரைல, நம்ம மூஞ்சியை நாமே பாத்துக்கிட்டு இருக்கறதும் ஒரு காரணம்னு சொல்றார். போடறவங்களுக்கும் தன் படம் தனக்குத் தெரியாம மறைக்கிற வசதி ஜூம்லயே இருக்கு, அதைச் சொல்லிக் குடுங்க.

ரெக்கார்டிங்: "யூடியூப்ல வரும்"னு முன்னாடியே அறிவிச்சா பாதிப் பேர் அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துடுவாங்க, பாக்கவும் மாட்டாங்க. நாங்க பேச்சை மட்டும் பதிவு பண்ணுவோம். கலந்துரையாடல் ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் தெரியற மாதிரி சொல்லிட்டு நிறுத்திடுவோம். பதிவு நின்னப்புறம்தான் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், புத்தகம் தனக்குப் பிடிக்கலைன்னு எழுத்தாளர்கிட்டயே சொன்னார். ரெண்டு பேரும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்டை போட்டாங்க. ஒருத்தரும் கிளம்பல.