தாத்தாவின் நோட்டில் 2000ஆம் ஆண்டு

கஞ்சமலைக்காரி கேட்டது:
சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் தாத்தாவின் கணக்கு நோட்டு அகப்பட்டது. ஜவ்வரிசி மில்லில் கணக்கெழுதியவர். கரையான் தின்றது போக மிஞ்சியதெல்லாம் கிழங்குக் கொள்முதல். நடுவில் ஒரு பக்கத்துக்கு மட்டும் '2000' என்று தலைப்பு. கீழே நான்கு வரிகள்: கஞ்சமலை இரும்பு உருகும். பெரியவனுக்கு அங்கே வேலை. மூன்று வாடகை வீடு. குளியலறை வீட்டுக்குள். எழுதியது 1970இல், சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய ஆண்டு.

ஆலை 1981இல் ஓடத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டுவதற்கு. கஞ்சமலை இரும்புக் கல் மலையிலேயே கிடக்கிறது. பெரியப்பா மனுப்போட்டுப் பார்த்துவிட்டுக் கொலுசுப் பட்டறைக்குப் போனார். வாடகை வீடு ஒன்றுகூட இல்லை. குளியலறை மட்டும் வந்தது. அதுவும் பாட்டி சீட்டுப் பணத்தில் கட்டியது. வருங்காலத்தைப் பற்றிப் பாட்டி வாய் திறந்து நான் கேட்டதில்லை.

வருவதை நாம் தீர்மானிக்கிறோமா, வந்ததற்குப் பிறகு கணக்கை ஒத்துப்பார்க்கிறோமா? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படி நினைத்தார்கள்?

அம்மாபேட்டைத் தறி:
எனக்கு எழுபது கடந்துவிட்டது அம்மா. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தறியில் பாவு நூல் தீர்ந்திருந்தது. "எதற்குப் புதுப் பாவு?" என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டார். முட்டையிடும் கோழி இரண்டையும் அடித்துக் குழம்பு வைத்தாள் அம்மா. அவ்வளவு காரமாக அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல விடிந்தது. அந்த வாரக் கூலி மட்டும் இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியது பொங்கல் வந்தும் தீரவில்லை.

உருக்காலை விசுவாசி:
தாத்தாவை ஏமாந்தவர் ஆக்கிவிடாதீர்கள். 1967இல் சேலம் உருக்காலை வேண்டும் என்று எழுச்சி நாள் கொண்டாடிய தலைமுறை அவருடையது. கேட்டதால்தான் ஆலை வந்தது. கேட்ட வடிவில் வரவில்லை, அவ்வளவுதான். கஞ்சமலைக் கல்லில் இரும்புச் சத்து குறைவு, அப்படியே உலையில் போட முடியாது. 2010இல் உருக்கும் உலையும் வந்துவிட்டது. அவர் பத்து ஆண்டு பிந்திய தேதி போட்டிருந்தால் முதல் வரியில் பாதி பலித்திருக்கும்!

ஏற்காடு காபித் தோட்டம்:
எனக்கு ஏழு வயதில் அப்பா வேலியோரம் சில்வர் ஓக் கன்று நட்டார். "உன் கல்யாணச் செலவுக்கு வெட்டலாம்" என்றார். கல்யாணத்தன்று மரத்தில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருந்தது, மிளகுக்கு நல்ல விலையும் இருந்தது. வெட்ட மனம் வருமா? கடன் வாங்கிக் கல்யாணம் செய்தார். மிளகு விற்று அடைத்தார். அதே மனிதர்தான் காவேரி என்ற காபி ரகத்துக்கு இலைத்துரு நோயே வராது என்று நம்பிப் பாதித் தோட்டத்தை மாற்றி நட்டார். அதற்கும் துரு வந்தது. இலையைத் திருப்பிப் பார்த்து, ஆரஞ்சுப் பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பேசாமல் இறங்கிப் போனது கண்ணிலேயே நிற்கிறது. நான் இப்போது இரண்டு மூன்று ரகம் கலந்து நடுகிறேன். எது தப்பிக்கும் என்று தெரியாததால்தான்.

கஞ்சமலைக்காரி:
அம்மாபேட்டை ஐயா, அந்தக் குழம்பை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்காவது வரிக்கு எதிரே பென்சிலில் ஒரு சரிக் குறி. பக்கத்தில் பொடி எழுத்தில், 'ரூ. 840. இவள் சீட்டு.' மற்ற மூன்று வரிகளையும் அடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அடுத்த பக்கம் கிழங்கு வரவு, 62 மூட்டை.