வெட்டுக்கல் சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூக்கிறது: பாட்டி வீட்டை விருந்தினர் இல்லமாக்க உதவி தேவை

திருவட்டாறு பேத்தி:
வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் எங்கள் பாட்டி வீடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2017 ஒக்கிப் புயலில் பலா மரம் சாய்ந்து வடக்குக் கூரை உள்ளே இறங்கிவிட்டது. மாத்தூர் தொட்டிப்பாலமும் திற்பரப்பு அருவியும் பார்க்க வருகிறவர்கள் தங்கும்படி அதை இரண்டு அறை இல்லமாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூரை வேலை முடிந்தது. ஓட்டைத் தாங்கும் சட்டங்களான கழுக்கோல்கள் உளுத்திருந்தன; அவற்றுக்குப் பதில் அயனி மரம் போட்டு, பழைய ஓடுகளில் தேறியவற்றையே மீண்டும் வேய்ந்தோம்.

சிக்கல் சுவரில்தான். செம்பாறையிலிருந்து வெட்டியெடுத்த வெட்டுக்கல்லால் கட்டிய சுவர். பழைய சுண்ணாம்புப் பூச்சு பொடிந்திருந்ததால் ஒப்பந்தக்காரர் அதைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. நகத்தால் கீறினால் உள்ளே பஞ்சு போல வெள்ளை உப்பு. கதவைத் திறந்தால் நனைந்த சாக்கின் வாடை. சித்திரையில் திறப்பதாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இந்த அறையில் ஒருவரை எப்படிப் படுக்கச் சொல்வேன்?

மார்த்தாண்டம் வாசி:
எங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. நீர்த்தடுப்பு ரசாயனம் இரண்டு கை அடித்து, நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினோம். இப்போது ஈரம் தெரிவதில்லை.

குலசேகரம் கொத்தனார்:
தங்கச்சி, அவசரப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள். டைல்ஸ் போட்டால் ஈரம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுவருக்குள்ளேயே நின்று இன்னும் மேலே ஏறும். மேலிருந்து இறங்கினால் கூரை ஒழுக்கு. இடுப்பளவில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் தரையிலிருந்து வருவது. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: வெளியே, சுவரடியில் கருங்கல் அடித்தளம் எவ்வளவு தெரிகிறது?

திருவட்டாறு பேத்தி:
அண்ணாச்சி, போய்ப் பார்த்தேன். கருங்கல்லே தெரியவில்லை! கார் நிறுத்துவதற்காக முற்றத்தில் மண் அடித்து உயர்த்தி இன்டர்லாக் கல் பதித்திருந்தோம். மூலையில் ஒரு கல்லைப் பெயர்த்துத் தோண்டினேன். முக்கால் அடி ஆழத்தில்தான் கருங்கல்லின் தலை தட்டுப்பட்டது. அதற்கு மேலிருக்கும் வெட்டுக்கல் ஈர மண்ணுக்குள் புதைந்து நிற்கிறது. கம்பியால் குத்தினால் நனைந்த கருப்பட்டி போல உதிர்கிறது.

குலசேகரம் கொத்தனார்:
நோவு அங்கேதான். கருங்கல் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. அதனால்தான் மண்ணைத் தொடும் இடத்தில் அதை வைத்தார்கள். வெட்டுக்கல் துளை துளையானது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை இழுக்கும். முன்பு அந்த ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். சிமெண்டும் பெயிண்டும் வழியை அடைத்துவிட்டன. நீர் மெல்ல வற்றும்போது உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி அதைத் தள்ளுகிறது.

முதலில் முற்றத்து மண்ணை வெட்டி, கருங்கல்லின் தலை அரையடியாவது வெளியே தெரியும்படி இறக்குங்கள். தரை வாட்டம் வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டும். ஓட்டுத் தண்ணீர் விழும் கோட்டில் ஓடை தேவை. பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நடை போய் (திங்கள் விடுமுறை) கூரை விளிம்பான இறவாரம் எவ்வளவு தாழ்ந்து நீண்டு சுவரைக் காக்கிறது என்று பாருங்கள்.

பிறகு ஈரக் கறைக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட்டை உளியால் மெல்லக் கொத்தி எடுங்கள். இயந்திரம் வைத்தால் வெட்டுக்கல்லும் சேர்ந்து வந்துவிடும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிக் கொட்டுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். சித்திரையை மறந்துவிடுங்கள். ஓர் இடவப்பாதி மழை (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) கடந்தும் சுவர் காய்ந்தே நின்றால்தான் பூச வேண்டும்.

பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அது உப்பைக் கையோடு கொண்டுவரும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைப்பது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். மெல்லிய கையாக இரண்டு, மூன்று தடவை பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக உலரவிடுங்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும். மேலே வெள்ளையடிப்பதும் சுண்ணாம்பால்தான்.

நாகர்கோவில் அக்கா:
தங்கும் அறைகள் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: குளியலறையை அந்தச் சுவரோடு ஒட்டிக் கட்டாதே, தங்கச்சி. பின்புறம் தனியாகக் கட்டி, ஓடு வேய்ந்த நடையால் இணைத்துவிடு. சாப்பாடு கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அதையெல்லாம் இந்த மழைக்காலத்தில் முடித்து வைத்துக்கொள்.

திருவட்டாறு பேத்தி:
முற்றத்தை இறக்கியாகிவிட்டது. சித்திரையில் திறக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், திறப்பு டிசம்பரில். நேற்று கிழக்கு அறையில் சிமெண்ட்டைக் கொத்தும்போது உளி ஓரிடத்தில் ‘டொக்’ என்று உள்வாங்கியது. செங்கல் துண்டு வைத்து அடைத்த விளக்கு மாடம்! உள்ளே மேல்பாகம் முழுக்க எண்ணெய்க் கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பாட்டி விளக்கு வைத்த இடம். அண்ணாச்சி, இந்தக் கரியின் மேல் சுண்ணாம்பு பிடிக்குமா, தேய்த்து எடுக்க வேண்டுமா?

குலசேகரம் கொத்தனார்:
பிடிக்காது, உதிரும். எடுக்கவும் வேண்டாம். மாடத்தின் விளிம்போடு பூச்சை நிறுத்திக்கொண்டு, உள்ளே அப்படியே விட்டுவிடுங்கள்.