ஒலிவேளை: வானொலி நாளின் பகுதிகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய வானொலி நிகழ்ச்சி நிரல்களை அட்டவணைப்படுத்தும் பணியில் ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 1940களிலும் 1950களிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் நாள் முழுவதும் இடைவிடாமல் இயங்கவில்லை. காலையில் சில மணி நேரம், நண்பகலில் சிறிது நேரம், மாலை தொடங்கி இரவு வரை எனப் பகுதி பகுதியாகத் திறந்து மூடின. நிலையத்தார் இவற்றை முதல் டிரான்ஸ்மிஷன், இரண்டாவது டிரான்ஸ்மிஷன், மூன்றாவது டிரான்ஸ்மிஷன் என்று எண்ணி வழங்கினர். இதை ‘ஒலிபரப்பு’ என்று எழுதினால் போதாது. அச்சொல் செயலையும் குறிக்கிறது, தனி நிகழ்ச்சியையும் குறிக்கிறது. ‘இரண்டாம் ஒலிபரப்பு’ என்றால் மறு ஒலிபரப்பு என்று கொள்பவர்களே மிகுதியாக இருப்பார்கள். குழுவில் ஒருவர் முன்வைத்த ‘முறை’ என்பதற்கும் இதே இடர் உண்டு. ‘அமர்வு’ கணினித் துறையில் வேரூன்றிவிட்டது. அதைப் பெயர்த்தெடுக்க வேண்டாம்.

இந்தப் பகுப்பு வெறும் நேரப் பகுப்பாக இருந்தால் காலை, நண்பகல், மாலை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பொறியியல் சார்ந்த அலகும் ஆகும். சிற்றலையில் இயங்கிய நிலையங்கள் பகலுக்கு ஓர் அலைநீளமும் இரவுக்கு வேறோர் அலைநீளமும் வைத்திருந்தன. ஆகவே எந்தப் பகுதி என்று தெரிந்தால்தான் கேட்பவர் முள்ளை எங்கே நிறுத்துவது என்பது தெரியும். மத்திய அலையில் அலைநீளம் மாறாது. எட்டும் தொலைவு மாறும். 1939 மே 16 அன்று தொடங்கிய திருச்சி நிலையம் 5 கிலோவாட் ஆற்றலுடன் மத்திய அலையில் இயங்கியது. பகலில், வளிமண்டலத்தின் மேற்பகுதியான அயனி மண்டலத்தின் தாழ்ந்த அடுக்கு அவ்வலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்தபின் அந்த அடுக்கு மறைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை தொலைவூர்களுக்கும் சென்று சேரும். தனக்கென்று ஒரு நிலையத்தை 1966 வரை பெறாத கோயம்புத்தூருக்கு இந்த வேறுபாடு பெரிது.

ஊர்ப்புறத்தில் இது இன்னும் கூர்மையாக இருந்தது. பஞ்சாயத்து ரேடியோவைப் பெரும்பாலும் மாலையில்தான் திறந்தார்கள். ‘பொழுதோட ரேடியோ போடுவாங்க’ என்று எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் சொல்வது அந்த மூன்றாவது பகுதியைத்தான். முதலிரண்டு பகுதிகள் இருந்தன என்பதே பலருக்குத் தெரியாது.

என் பரிந்துரை ‘ஒலிவேளை’. மூன்று வேளை என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் ஒலிவேளை, மாலை ஒலிவேளை, ஒலிவேளைத் தொடக்கம், ஒலிவேளை இடைவெளி என்று தொடர்கள் தடையின்றி அமைகின்றன.

— கோயம்புத்தூரிலிருந்து

ஐயா, வணக்கம்.

‘வேளை’ என்பது காலத்தைச் சொல்கிறதே தவிர, திறப்பையும் மூடலையும் சொல்லவில்லை என்பது என் தயக்கம். கீழ்பவானிப் பாசனத்தில் புன்செய்க்குத் தண்ணீர் விடும்போது முதல் நனை, இரண்டாம் நனை என்று எண்ணுகிறோம். மதகைத் திறந்து அடைக்கும் வரை ஒரு நனை, அடுத்த திறப்பு வரை இடைவெளி. தாங்கள் தேடும் அலகு அப்படியே இதுதான். நனையை வானொலிக்குக் கொண்டுபோக முடியாது என்பதை அறிவேன். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தார் சொல்லும் ‘சுற்று’ பொருந்துமா? ‘ஒலிச்சுற்று’ என்று வைத்துக்கொள்ளலாமே. இன்னொரு கேள்வியும் உண்டு. ஒலிவேளை எப்போது தொடங்குகிறது? ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை ஏறும்போதா, நிலையம் திறக்கும்போது வரும் முகப்பிசை ஒலிக்கும்போதா, அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொல்லும்போதா?

— கோபிசெட்டிபாளையத்திலிருந்து

அன்புள்ள ஐயா,

நனை எடுத்துக்காட்டு மிகவும் உதவியது. வரையறையை அதிலிருந்தே எழுதிக்கொள்கிறேன். ‘சுற்று’ மட்டும் வேண்டாம். ‘மின்சுற்று’ புழங்கும் ஒரு துறையில் ‘ஒலிச்சுற்று’ என்றால் ஒலிபெருக்கியின் உள்ளமைப்பு என்றே பொறியாளர் கொள்வார்.

தொடக்கத்தைப் பற்றிய தங்கள் கேள்விதான் முதன்மையானது. ஊர்தி அலை முன்னரே ஏறிவிடும்; அது பரப்பியின் (டிரான்ஸ்மிட்டரின்) பதிவேட்டுக்கு உரியது, கேட்பவருக்கு அங்கே ஒலி இல்லை. வால்ட்டர் காஃப்மன் அமைத்த முகப்பிசை அப்படியன்று. வால்வு ரேடியோ சூடேறி ஒலி தெளியச் சற்று நேரமாகும். கேட்பவர் திருகைச் சரிசெய்துகொள்ள அந்த இசையும் இடம் தந்தது. ஆகவே முகப்பிசையின் முதல் ஒலியிலிருந்து நிறைவு அறிவிப்பு வரை ஓர் ஒலிவேளை எனக் கொள்வோம். (1941லேயே 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ செய்து தர முடியும் என்று அறிவித்த ஜி. டி. நாயுடுவின் ஊரில் இருந்துகொண்டு வால்வுக்கு வேறு சொல் தேடும் எண்ணம் எனக்கு இல்லை.)

ஒலிவேளை நிலையத்துக்கு உரியது, நிகழ்ச்சிக்கு உரியதன்று என்பதையும் வரையறையில் சேர்க்க வேண்டும். 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி தில்லியிலிருந்து வந்தாலும், திருச்சி அதை எடுத்து ஒலித்தபோது அது திருச்சியின் மாலை ஒலிவேளைக்குள் வந்த ஓர் அஞ்சலே (ரிலே). ‘அஞ்சல்’ வானொலியில் நிலைத்துவிட்ட நல்ல சொல். அதைத் தொட வேண்டியதில்லை.

சொல்லைச் சோதிக்க 1947 ஆகஸ்டு 14ஆம் நாளை எடுத்துக்கொண்டேன். அன்று இரவு 11 மணிக்குத் தொடங்கிய அரசியல் நிர்ணய சபைக் கூட்டத்தை வானொலி ஒலிபரப்பியது; நேரு உரையாற்றினார்; உறுதிமொழி நள்ளிரவுக்குப் பின் ஏற்கப்பட்டது. நாட்காட்டிப்படி ஒரே கூட்டம் இரண்டு தேதிகளில் விழுகிறது. தேதியை வைத்துப் பிரித்தால் அட்டவணையில் அக்கூட்டம் இரண்டாக வெட்டுப்படும். ஒலிவேளையை வைத்துப் பிரித்தால் வெட்டுப்படாது. ஒரு நிலையம் இடையில் மூடாமல் தொடர்ந்திருந்தால் முழுவதும் 14ஆம் தேதியின் மாலை ஒலிவேளை. நிறைவு அறிவிப்புச் சொல்லி மூடிவிட்டுக் கூட்டத்துக்காக மீண்டும் திறந்திருந்தால் அது ‘சிறப்பு ஒலிவேளை’ என்று தனி வரிசை பெறும். நிலையத்துக்கு நிலையம் விடை மாறலாம்; எனவே பதிவேட்டைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

1957இல் தொடங்கிய விவித பாரதியின் நிரல்களுக்கும் இதே வரையறையைப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொல்லை உறுதிசெய்யலாம். அந்தப் பக்கங்களைத் தாங்கள் எடுத்துக்கொள்ள இயலுமா?

— கோயம்புத்தூரிலிருந்து