பொறியியல் கவுன்சிலிங்: சாய்ஸ் லிஸ்டில் நான் செய்த தப்பு

சேலத்துக்காரன்: கணக்கில் 96, இயற்பியல் 89, வேதியியல் 88. கடைசி இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்ஆஃப் 200க்கு 184.5. ஆசை கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) சிவில். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மடியில் இருந்த போன வருடக் கட்ஆஃப் பட்டியலைப் பார்த்தால், எங்கள் கம்யூனிட்டிக்கு அது என் மார்க்குக்கு ஒன்றரை மார்க் மேலேயே முடிந்திருந்தது. "கிடைக்காததை மேலே போட்டா சாய்ஸ் வீண் தம்பி" என்றார் சென்டர் அண்ணன். சரியென்று, வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போடும் சாய்ஸ் லிஸ்டில் சேலம் அரசுக் கல்லூரியை முதலில் போட்டு, ஜி.சி.டி.யை நாலாவதாகத் தள்ளினேன். சேலமே வந்தது. அந்த வருடம் என்னைவிட ஒரு மார்க் குறைந்த என் வகுப்புப் பையன், அதே கம்யூனிட்டி, ஜி.சி.டி. சிவிலில் சேர்ந்தான். நம் ரேங்க் வரும்போது லிஸ்டை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள், அவ்வளவுதான். மேலே பேராசைக்குப் பத்து போட்டாலும் கீழே இருப்பது எங்கேயும் போகாது. முதல் சாய்ஸே கிடைத்துவிட்டதால் அப்வர்ட், அதாவது லிஸ்டில் அதற்கு மேலே இருப்பதற்குக் காத்திருக்கிறேன் என்று கேட்கவும் வழியில்லை.

தர்மபுரி அத்தை: என் அண்ணன் மகளுக்கு மார்க் பிரச்சினையே இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைத்தான் நம்பியிருந்தோம். கிடைத்தால் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த மேடம் ஆறாம் வகுப்பிலிருந்து பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்து, ஏழாம் வகுப்பில் நிறுத்தினார். அந்த ஒரு வருடம் பாட்டி வீட்டில் தங்கி, அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியாகவே இருக்க வேண்டுமாம். உதவிபெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்! அப்புறம் பொதுக் கவுன்சிலிங்கில் சேர்ந்தாள். வீட்டில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையாவது கைகொடுத்தது.

2003 பேட்ச்: நீங்கள் வீட்டிலிருந்தே முடித்துவிடுகிறீர்கள். 2007இல் நுழைவுத் தேர்வு ஒழிவதற்கு முந்தைய ஆள் நான். பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300க்குக் கட்ஆஃப். கவுன்சிலிங்குக்கு அப்பாவோடு பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகம் போனேன். ஸ்க்ரீனில் ஒவ்வொரு கல்லூரியாக இடம் குறைந்துகொண்டே வரும். நெல்லை அரசுக் கல்லூரி ஈ.ஈ.ஈ.க்கு (மின், மின்னணுப் பொறியியல்) நேரே 2 என்று இருந்தது. தொண்டை வறண்டுபோய் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 0. பர்கூர் கல்லூரியில் சேர்ந்தேன். அந்தத் தண்ணீரை அப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.