சிக்குன்குனியாவுக்கு அப்புறம் ஒரு கிரிவலம்

வேலூர்க் கோட்டைக்குள்ள காலையில நடக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 6.2-ன்னு வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்ச பழக்கம். 5.7-லேருந்து 6.4 வரைக்கும் இருந்தா, சர்க்கரை இன்னும் வீட்டுக்குள்ள வரல, திண்ணையில உக்காந்திருக்குன்னு அர்த்தம். நடையோட கொஞ்சம் ஓட்டமும் சேர்த்து, பேன்ட் இடுப்புல லூசாக ஆரம்பிச்ச நேரம் பார்த்து சிக்குன்குனியா வந்துச்சு.

காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடுச்சு. மூட்டு வலி போகல. டெங்கு இல்லைன்னு உறுதியாகிற வரைக்கும் பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை போடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். ரெண்டையும் பரப்புறது ஒரே ஏடிஸ் கொசு. டெங்குவா இருந்தா அந்த மத்த வலி மாத்திரைகளால ரத்தக்கசிவு வரலாமாம். அது இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் பெரிய நிவாரணம் ஒண்ணும் கிடைக்கல. தண்ணி பாட்டில் மூடி திறக்கப் பையனைக் கூப்பிடணும். காலையில மாடிப்படி இறங்கணும்னா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல ஒவ்வொரு படியா. குறைஞ்ச எடையில பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சு.

அசையாம கிடந்தா இன்னும் இறுகும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா நடங்கன்னார் பிசியோதெரபிஸ்ட். யாரோட நடக்கிறது? கோட்டை நண்பர்கள் வேகத்துக்கு முடியாது. எங்கம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ட்டு வருவாங்க. அவங்களோட சேர்ந்துக்கிட்டேன். முதல் வாரம் முழுக்க அவங்கதான் முன்னாடி. "ஏண்டா, ஓட்டமெல்லாம் ஓடினியே, வா வா"ன்னு திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க. நடுவுல யார் வீட்டு வாசல்லயாவது நின்னு பேசுவாங்க, எனக்கும் அதான் ரெஸ்ட்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்னு தினமும் கணக்கு போடுவாங்க, அதை மியூட் பண்ணிட்டேன். அந்தப் பத்தாயிரமே 1960-கள்ல ஜப்பான்ல அடி எண்ணுற பெடோமீட்டர் கருவியை விக்கிறதுக்கு வெச்ச பேர்லேருந்து கிளம்பினதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல கொடுத்த வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உழைப்பு வேணும்னு சொல்லுது. ஆனா ஒரே தடவையா பத்து நிமிஷமாவது செஞ்சாத்தான் கணக்குங்கிற பழைய நிபந்தனை அதுல கிடையாது. பிள்ளையார் கோயில் வரைக்கும் போறதும் கணக்குதான். பையன் வேற மொட்டை மாடியில ஷட்டில் ஆடக் கூப்பிடுவான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததால இடது கையில ஆடினேன். ஒரு செட்கூட ஜெயிக்கல, அவனுக்கு அதுல பரம சந்தோஷம்.

வலி பாதியா குறைஞ்ச பிறகு, "ஏங்க, திருவண்ணாமலை போய்ட்டு வரலாமா"ன்னு ஆரம்பிச்சா என் மனைவி. கிரிவலம்னா 14 கிலோமீட்டர்! பௌர்ணமிக் கூட்டம் வேணாம், சாதாரண ஞாயித்துக்கிழமை போகலாம், முடியலைன்னா அங்கயே ஆட்டோ ஏறிடலாம்னு முடிவாச்சு. பாதை முழுக்க ஆட்டோ ஓடுது, அந்த தைரியம்தான். விடியக்காலம் ராஜகோபுரத்துலேருந்து கிளம்பினோம். இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சு ஈசான்ய லிங்கம் வரைக்கும் எட்டு லிங்கம் இருக்கில்லையா, ஒவ்வொண்ணுலயும் கும்பிட்டுட்டு உக்காந்துடுவோம். நடந்து, உக்காந்து, திரும்ப நடக்கிறதுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த பிட்னஸ் ஆப்பும் எனக்குக் கொடுத்ததில்லை.

அம்மா ரமணாசிரமம் தாண்டி எம லிங்கம் வரைக்கும் நடந்தாங்க. அங்கேருந்து ஆட்டோவுல குபேர லிங்கத்துக்குப் போய்க் காத்திருந்தாங்க, துணைக்குப் பையன். நாங்க ரெண்டு பேரும் ஆதி அண்ணாமலை வழியா மெதுவா வந்து சேர்ந்தப்ப வெயில் ஏறிடுச்சு. அப்புறம் இடுக்குப் பிள்ளையார், குறுகலான இடுக்கு வழி உள்ள சின்னக் கோயில். உள்ளே படுத்து, ஒருக்களிச்சு, கையை ஊனி நகர்ந்து வெளியே வரணும். உடம்பு வலி தீரும்னு நம்பிக்கை. அம்மா சர்ருன்னு வந்துட்டாங்க. எனக்கு மணிக்கட்டை ஊன முடியல, தோளாலயே தள்ளித் தள்ளி பாதி வந்து நின்னுட்டேன். பையன் முன்பக்கம் நின்னு என் ரெண்டு முழங்கையையும் பிடிச்சு இழுத்தான். பின்னாடி வரிசையில நின்ன ஒரு பெரியம்மா, "வயித்தை உள்ள இழு சாமி"ன்னு சத்தம் போட்டாங்க. திரும்பி வந்த எடையைப் பத்தி அதுவரைக்கும் யாரும் அவ்வளவு நேரா சொல்லல.

மறுநாள் கணுக்கால் வீக்கம் இருந்துச்சு, ரெண்டு நாள் லீவு போட்டேன். ஓட்டத்துக்கு இன்னும் திரும்பல, பிசியோ சரின்னு சொல்லட்டும்.

மூட்டு வலியோட போறவங்களுக்கு: வெறுங்காலோட போகணும்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. எங்க சித்தப்பா இப்பவும் அதைச் சொல்லிக் காட்டுறார். எனக்குக் குஷன் உள்ள செருப்பு இல்லாம ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. லேஸ் ஷூ மட்டும் வேணாம், ஒவ்வொரு லிங்கத்துலயும் குனிஞ்சு கழட்டி மாட்டணும். ஒட்டுப்பட்டி வெச்ச சாண்டல்தான் சரி. பௌர்ணமி இல்லாத நாள்ல ரோட்டுல பஸ், லாரி எல்லாம் ஓடும், பிள்ளைங்க கையை விடாதீங்க.