கலைச்சொல் வேண்டும்: தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துவக்கு

வவுனியாவிலிருந்து, திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோவில இருக்கிற எங்கட கலைச்சொல் குழு உறுப்பினர் தந்த வேலை இது. கனடாவில வேட்டை அனுமதி எடுத்திருக்கிற தமிழாக்களுக்கு ஒரு சின்னக் கைநூல். கட்டுப்படியான விலையில, நம்பி வாங்கக்கூடிய செமி ஓட்டோமெட்டிக் சொட்கன் (ஒரு வெடியில கன சின்னக் குண்டுகளைச் சிதறவிடுற துவக்கு) எது, வாங்கமுதல் எதைப் பார்க்கோணும் எண்டதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. உள்ளுக்கு எழுதி முடிச்சிட்டன், தலைப்புத்தான் நிக்குது. "அரைத் தானியங்கிச் சிதறு துப்பாக்கி" எண்டு போட்டு அப்பாவிட்டக் காட்டினன். "தானியம் அரைக்கிற மெசினுக்கு ஏன் துப்பாக்கி?" எண்டார். ஆராவது கைகொடுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து, திங்கள் மதியம்

தங்கச்சி, அப்பா கேட்டதில் பிழையில்லை. 'தானியங்கி' தமிழ்நாட்டுப் பழக்கம். எங்கள் பாடநூல்களிலும் வங்கி வாசலிலும் 'தன்னியக்க' என்றே இருக்கிறது. 'தன்னியக்க' என்று எழுதினால் தானியமும் வராது, அரிசி ஆலையும் வராது.

அடுத்தது 'அரை'. வட்டத்தைப் பாதியாக வெட்டினால் அரைவட்டம். இந்தத் துவக்கில் எதைப் பாதியாக வெட்டினோம்? வெற்றுத் தோட்டாவை வெளியே எறிவது, அடுத்ததை அறைக்குள் ஏற்றுவது, சுத்தியலை மடக்கி வைப்பது எல்லாம் தானாக நடக்கின்றன. சுடுவது மட்டும் விரலின் வேலை. ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. மூன்று வேலை தானாக, ஒன்று கையால் என்றால் அது முக்கால் அல்லவா? பௌதிகத்தில் குறைகடத்தி என்று சொல்கிறோம். அந்த வழியில் 'குறைத்தன்னியக்கத் துவக்கு' எனலாம்.

நெடுங்கேணியிலிருந்து, திங்கள் பின்னேரம்

வாத்தியார், நம்பி வாங்கு எண்டு சொல்லுற புத்தகத்தில முதல் சொல்லே 'குறை' எண்டா ஆர் வாங்குவான்?

நான் பயிர்க்காவலுக்குப் பெர்மிற்றோட ஒற்றைக்குழல் வைச்சிருந்தவன். எங்கட பக்கம் சாமானுக்குப் பேர் ஏற்கெனவே இருக்கு. குழல் வாயால மருந்து இடிச்சு நிரப்புறது இடியன். பன்றி வாற தடத்தில கம்பி இழுத்துக் கட்டி வைக்கிறது கட்டுத்துவக்கு, அது சட்டத்துக்கு மாறு, மாடும் மனிசரும் பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மற்றது ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். இதுகளுக்கு ஒரு குழுவும் கூடிப் பேர் வைக்கேல்லை.

இந்தப் புதுச் சாமான் ஏன் நல்லது எண்டதையும் சொல்லுறன். கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி கூட்டமா இறங்கும். ஒற்றைக்குழலில ஒரு வெடி போட்டால் குழலை மடக்கி வெறுங்கோதை இழுக்கோணும். மாரியில ஈரம் பிடிச்ச தோட்டா ஊதிப்போய் அறைக்குள்ள இறுகிடும், நகம் போகாது, கத்தி முனையால நெம்பித்தான் எடுக்கிறது. அதுக்குள்ள பன்றி அடுத்த வயலில நிக்கும். வெறுங்கோதை வெளிய எறிஞ்சு அடுத்ததை ஏத்திற வேலையைத் தானே செய்யிற துவக்கு இது. பேரும் அதில இருந்துதான் வரோணும்.

முள்ளியவளையிலிருந்து, திங்கள் இரவு

அன்பர்களே, துவக்கும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். வள்ளுவர் பன்னிரண்டாம் குறளில் "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்றார். அது உணவை ஆக்கி என்ற பொருளில் வந்த வினையெச்சம் என்பதை நான் அறிவேன். ஆயினும் 'துப்பு' என்பதற்கு வலிமை என்றும் உமிழ்தல் என்றும் பொருள்கள் உள. குழலின் வாய் சன்னம் எனும் சிறு குண்டுகளை உமிழ்கிறது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளை அடுக்குமிடத்தில் "கல்லுமிழ் கவணும்" என்று வருகிறது. கல்லை உமிழ்ந்தது கவண் என்றால், சன்னத்தை உமிழ்வது 'சன்னவுமிழி'. தானே ஏற்றிக்கொள்வதால் 'தன்னேற்றுச் சன்னவுமிழி'.

அதே பட்டியலில் 'பன்றி' என்றொரு பொறியும் உண்டு. பகைவர் மீது பாயும் பன்றி வடிவப் பொறி என்பர். நெடுங்கேணி அன்பர் பன்றியை விரட்டத் துவக்குத் தேடுகிறார், நம் முன்னோர் பன்றியையே படைக்கலமாக்கினர். இதுபற்றித் தனியே விரிவாக எழுதுவேன்.

நெடுங்கேணியிலிருந்து, திங்கள் இரவு

உமிழி எண்டா எச்சில் ஞாபகம் வருது ஐயா.

கிளிநொச்சியிலிருந்து, செவ்வாய் காலை

புலவர் ஐயா, துப்பாக்கி என்ற சொல் துருக்கிய 'துஃபெக்' வழியாக வந்தது. துவக்கும் அதன் உடன்பிறப்பே. இரண்டும் இரவல் என்றால், நாலு தலைமுறையாக வன்னியில் புழங்கும் இரவலை எடுப்பதுதானே நல்லது? தமிழ்நாட்டு வாசகருக்கு 'துவக்கு' என்றால் ஆரம்பி என்று படும் என்பார்கள். நாங்கள் எதையும் துவக்குவதில்லை, தொடங்குகிறோம். ஆகவே எங்களுக்குக் குழப்பமில்லை.

ஸ்காபரோவிலிருந்து, செவ்வாய்

எல்லாரையும் வாசிச்சன். நான் மல்லாவியான், இஞ்ச வாத்து வேட்டைக்குப் போறனான். வாத்தியார் சொன்ன துருக்கிக் கதையில ஒரு வடிவான விஷயம் இருக்கு. இண்டைக்கு விலை குறைஞ்ச செமி ஓட்டோ சொட்கன்களில கனக்கத் துருக்கியிலதான் செய்யப்படுது. கொன்யா மாகாணத்தில பெய்ஷெகிர் பக்கத்து ஊர்களில துவக்குச் செய்யிறதே ஊர்த்தொழில். ஸ்டோகர் எம் 3000 எண்ட மொடலும் துருக்கியில செய்யிறதுதான். சொல்லும் அங்கையிருந்து, சாமானும் அங்கையிருந்து. அவையள் சொட்கனுக்குச் சொல்லுறது 'வேட்டைத் துஃபெக்'. எங்கட ஊரிலயும் வேட்டைத் துவக்குத்தான். பிறகென்ன பிரச்சினை?

'ஈயக்குண்டுத் துவக்கு' எண்டு எனக்கு ஒருத்தர் தனியா எழுதினவர். அது சரிவராது. நீர்ப்பறவைக்கு அமெரிக்காவில 1991 இல இருந்து ஈயச் சன்னம் தடை, கனடாவிலயும் பிறகு தடை வந்திட்டுது. நாங்கள் போடுறது உருக்குச் சன்னம்.

தங்கச்சி, தலைப்பைவிட உள்ளுக்கு வாற சொல்லுகள்தான் முக்கியம். வாங்குறவன் முதல் விளங்கவேண்டியது இது எப்பிடி இயங்குது எண்டதைத்தான். ஒரு வகை, குழலில இருக்கிற சின்ன ஓட்டையால வெடிவாயுவில கொஞ்சத்தை எடுத்து ஆடுதண்டைத் தள்ளும். ரெமிங்டன் 1100, 1963 இல வந்தது, பெரெட்டா ஏ 300 எல்லாம் இந்த வகை. தோளில உதை குறைவு, ஆனால் கரி பிடிக்கும், கழுவோணும். மற்ற வகை இத்தாலிக் கம்பனி பெனெல்லியின்ர வழி. வாயுவை எடுக்காது, துவக்குப் பின்னால உதைக்கிற உதையிலயே இயங்கும். துப்புரவு, பாகம் குறைவு. ஆனால் மெல்லிய தோட்டா போட்டால் சிலது அடுத்ததை ஏத்தாமல் திக்கும். விலை குறைஞ்சதுக்குப் போறவன் கடையில இருக்கிற ஆக மலிவான 28 கிராம் தோட்டாவையும் சேர்த்து வாங்குவான். பிறகு துவக்குக் கூடாது எண்டு பேசுவான். இதைத் தமிழில விளங்கிற மாதிரி எழுதாட்டி மற்றதெல்லாம் வீண்.

கிளிநொச்சியிலிருந்து, செவ்வாய் இரவு

இதற்குத்தான் காத்திருந்தேன். இரண்டாவது வகை 'சடத்துவ இயக்கம்'. தமிழ்நாட்டில் நிலைமம் என்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்குச் சடத்துவம். தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகத்தை ஆணி ('போல்ட்') என்கிறேன். ஆணித்தலைக்கும் ஆணி உடலுக்கும் இடையில் ஒரு குட்டையான, விறைப்பான வில்லுச்சுருள். வெடித்ததும் துவக்கு முழுதும் பின்னே வருகிறது. ஆணியின் உடல் மட்டும் சடத்துவத்தால் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கிறது, சுருள் நசுங்குகிறது. நசுங்கிய சுருள் விரியும்போது ஆணியைப் பின்னே எறிகிறது, தலை சுழன்று பூட்டுக் கழல்கிறது. துவக்கைச் சுவரோடு முட்டுக்கொடுத்துச் சுட்டால் அது பின்னே வராது, சுருளும் நசுங்காது, ஏற்றமும் நடக்காது. நியூட்டனின் முதலாம் விதியைப் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வகுப்பில் சொல்லத்தான் முடியவில்லை.

அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் பிரவுனிங் 1900 இல் காப்புரிமை பெற்ற ஓட்டோ 5 துவக்கு மூன்றாவது வகை. அதில் குழலும் ஆணியும் சேர்ந்தே பின்னே ஓடும். அதற்கு 'நெடும்பின்னுதைப்பு'.

வாயு, சடத்துவம், பின்னுதைப்பு. இந்த மூன்றையும் மாற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முள்ளியவளையிலிருந்து, புதன் காலை

வாயுவும் சடத்துவமும் வடமொழி. வளி என்று தொல்காப்பியம் தந்த சொல் இருக்க வாயு ஏன்?

இன்னொன்று. 'சிதறு துப்பாக்கி' என்று தங்கை முதலில் எழுதியதில் இலக்கணச் சிக்கல் உண்டு. அது வினைத்தொகை. சிதறிய, சிதறுகின்ற, சிதறும் துப்பாக்கி என விரியும். சிதறுதேங்காய் என்றால் தேங்காய்தான் சிதறுகிறது. சிதறுதுப்பாக்கி என்றால் கையிலிருக்கும் துப்பாக்கி சிதறும் என்றாகிறது. நம்பி வாங்கச் சொல்லும் நூலுக்கு இது பொருந்துமா?

வவுனியாவிலிருந்து, புதன்

ஐயா, சிரிச்சுச் சிரிச்சு வேலை நிண்டிட்டுது. 'சிதறு' இண்டையோட போச்சு. ஒற்றைக்குண்டுத் தோட்டா போட்டால் இதில ஒண்டும் சிதறாது எண்டும் ஸ்காபரோ அண்ணை போன்ல சொன்னவர்.

இன்னொண்டு கேக்கோணும். '12 போர்' எண்டதை எப்பிடி எழுதுறது?

வவுனியாக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஓய்வூதியர், புதன் இரவு

பிள்ளை, 'பன்னிரண்டு போர்' என்று மாத்திரம் எழுதிவிடாதேயும். எங்கட சனம் ஒரு போரிலயே களைச்சுப்போச்சு.

'12 துளை அளவு' என்று எழுதும், கீழே விளக்கமும் கொடும். குழல் விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். ஆகவே எண் கூடினால் துளை சிறுக்கும். 20 பெரிது என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். '12 விட்டம்' என்று எழுதினால் முழுப்பிழை. விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர்.

மற்றது, ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். துவக்குக்குச் சுடுகலன், தோட்டா அடுக்கி வைக்கும் பாகத்துக்கு ரவைக்கூடு என்று நல்ல தமிழ்ச் சொற்கள் எங்கட மண்ணில் புழங்கினவை. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் எந்தக் காலத்தில், எந்த வானொலியில் கேட்டுப் பழகினோம் என்பதும் சேர்ந்தே வரும். தோட்டத்துக்கும் வாத்துக்கும் உள்ள சாமானுக்கு அந்தச் சொற்களைப் போட எனக்கு மனமில்லை. வேட்டைத் துவக்கு என்றால் வேட்டை மட்டும்தான் நினைவுக்கு வரும். எத்தனையோ அனுமதிப்பத்திரக் கோவைகளில் துப்பாக்கி என்று எழுதினேன். மேசைக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் துவக்கு என்றுதான் கேட்டார்கள்.

முள்ளியவளையிலிருந்து, வியாழன் காலை

நினைவுக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடலாகாது. ரவைக்கூடு நல்ல தொடர். தோட்டாவுக்கு அது பொருந்தாது என்றால் தோட்டாக்கூடு என்க. ஆனால் அஞ்சியதற்காக வேண்டாம்.

நெடுங்கேணியிலிருந்து, வியாழன்

ஐயா கடைசியா ஒரு சொல்லை விட்டுக்குடுத்திட்டார், அதுவே போதும். வாத்து வேட்டைக்கு மூண்டு தோட்டாவுக்கு மேல ஏத்தேலாமல் கட்டை செருகோணுமாம், ஸ்காபரோத் தம்பி சொன்னவர். தோட்டாக்கூட்டில கட்டை. ஆருக்கும் விளங்கும்.

தலைப்புக்கு நான் சொல்லுறது 'தானேத்தி வேட்டைத் துவக்கு'. தானே ஏத்தும். முடிஞ்சுது.

கிளிநொச்சியிலிருந்து, வியாழன்

'தானேற்றி' அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தோட்டாவை மனிதன்தான் ஏற்றுகிறான். இரண்டாவதிலிருந்துதான் தானாக. ஆகவே 'தன்மீளேற்றி' என்பதே துல்லியம். தானே முழுக்க ஏற்றும் என்று நம்பி ஆணியை இழுத்துவிடாமல் புதரடியில் காத்திருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

ஸ்காபரோவிலிருந்து, வியாழன் இரவு

அப்பிடி ஒருத்தர் இருந்தா அவருக்கு அனுமதியே குடுத்திருக்க மாட்டினம், வாத்தியார். அதுக்குச் சோதனை இருக்கு.

எனக்குத் தானேற்றி சரி. ஆனால் கடைக்காரனிட்டப் போய் நிக்கிற சனத்துக்கு 'செமி ஓட்டோ' எண்ட சொல்லும் தெரிஞ்சிருக்கோணும். அவனுக்குத் தமிழ் தெரியாது. அட்டையில ஒரு இடத்தில எண்டாலும் போடுங்கோ.

வவுனியாவிலிருந்து, வெள்ளி விடிய

நேரமில்லை, முடிவெடுத்திட்டன். தலைப்பு: 'தானேற்றி வேட்டைத் துவக்கு: கைக்கெட்டின விலையில், கைவிடாத துவக்கு'. அதுக்குக் கீழ சின்ன எழுத்தில 'செமி ஓட்டோமெட்டிக் சொட்கன்'. உள்ளுக்கு வாயு இயக்கம், சடத்துவ இயக்கம், பின்னுதைப்பு, தோட்டாக்கூடு, 12 துளை அளவு. அடுத்த தோட்டா ஏறாமல் நிண்டால் 'திக்குதல்', அது ஸ்காபரோ அண்ணை தெரியாமலே தந்த சொல். 'தன்மீளேற்றி' சொல்லடைவில வரும் வாத்தியார், கோவிக்கவேண்டாம்.

சன்னம் பரவுறதைக் கட்டுப்படுத்தக் குழல் வாயில திருகிற 'சோக்' மட்டும் சோக்காவே போகுது. வாய்ச்சுருக்கி, கழுத்து, நெரி எண்டு யோசிச்சன், ஒண்டும் சரிவரேல்லை.

முள்ளியவளையிலிருந்து, வெள்ளி காலை

என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்க. 'தானேற்றி' என்பதில் ஏற்றப்படும் பொருள் எது என்பது தொக்கி நிற்கிறது. நெல்லேற்றியா, நீரேற்றியா? தோட்டாவேற்றி என்றாவது இருந்திருக்க வேண்டும். வாயுவையும் நான் ஏற்கவில்லை. 'சோக்' குறித்து: சுரைக்குடுவையின் ஒடுங்கிய கழுத்தை எங்கள் பக்கம் எப்படிச் சொல்வார்கள் என்று பாட்டிமார் இருக்கும் வீடுகளில் கேட்டு வருகிறேன். அச்சை மாலைவரை நிறுத்த முடியுமா?

வவுனியாவிலிருந்து, வெள்ளி காலை

இல்லை ஐயா. போயிட்டுது.