சின்னப் பள்ளிக்கு அரசு நிதி: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். பெற்றோரும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து ஒரு சின்னப் பள்ளி நடத்துகிறோம். ஆறு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில் படிக்கும் அளவுக்குத்தான் கூட்டம். கட்டணத்தை மட்டும் நம்பினால் ஆசிரியர் சம்பளத்துக்கே இழுபறி. கட்டணத்தைக் கூட்டினால் வசதியில்லாத பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

அரசு நிதி பற்றித் தேடினால் நாட்டுக்கு நாடு வேறு கதை. நெதர்லாந்தில் 1917 முதல் தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் சம நிதி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கொடுத்து வைத்தவர்கள்! அமெரிக்காவில் மின்னசோட்டா 1991-ல் தொடங்கிவைத்த சார்ட்டர் முறையில் (ஒப்பந்தம் போட்டுச் சுயமாக நடத்தும் பள்ளிகள்) பொதுப்பணம் வரும். ஆனால் கட்டணம் வாங்கக் கூடாது, ஒப்பந்தப்படி தேர்ச்சி காட்டாவிட்டால் மூடிவிடலாம். இந்தியாவில் 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசு ஈடு தரும். அதுவும் பள்ளியின் கட்டணம், ஒரு பிள்ளைக்கு அரசு செய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அதுதான். அங்கீகாரமும் வேண்டும்.

எங்களைக் குழப்புவது நிபந்தனைகள்தான். பணம் வாங்கிய பிறகு பாடத்திட்டத்தில் கை வைத்தார்களா? குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை என்று சின்னப் பள்ளிகளைக் கழித்துவிட்டார்களா? அறக்கட்டளையா, சங்கமா, எந்தப் பதிவு பின்னால் தலைவலி தராது? அப்புறம், முதல் தவணை வரும்வரை சம்பளத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? எந்த நாட்டு அனுபவமானாலும் சரி, நாட்டின் பெயரோடு எழுதுங்கள்.